2055-இல் எந்தக் கார் கிளம்பும்?

பின்சக்கரம்
பெட்ரோலா மின்சாரமா என்ற சண்டையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம். எனக்கு வேறு கேள்வி. பழைய கார்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, ஒரு வண்டியை வரலாற்று வண்டியாக ஏற்க மூன்று விஷயம் பார்க்கிறது: குறைந்தது 30 வயது, அதன் காலத்துக்குப் பொருந்தும் நிலையில் பராமரிப்பு, அன்றாடம் போய்வரப் பயன்படுத்தாமல் இருப்பது. அந்தக் கணக்கில் 1989-இல் வந்த முதல் மஸ்டா எம்எக்ஸ்-5 எப்போதோ கிளாசிக். மெக்லாரன் எஃப்1-உம் கிளாசிக். அவை புதிதாக வந்தபோது பத்திரிகையிலிருந்து படத்தை வெட்டி நோட்டில் ஒட்டியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்தான்.

இப்போது ஷோரூமில் நிற்கும் கார்களுக்கு வருவோம். பெட்ரோல், ஹைப்ரிட், முழு மின்சாரம், எதுவானாலும் சரி. 2055-இல் ஒருவர் மேலே போர்த்திய துணியை எடுத்துவிட்டு, அதைக் கிளப்பி, ஒரு ரவுண்டு போய்வர முடியுமா? எது முடியும், எது முடியாது? காரணத்தோடு சொல்லுங்கள். "ஓல்டு இஸ் கோல்டு", "பெட்ரோல் செத்துவிட்டது" இரண்டும் வேண்டாம், கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

பழைய_இரும்பு
எதுவும் கிளம்பாது. 2000-க்குப் பிறகு வந்தது எதுவுமே கிளம்பாது. அடுத்த கேள்வி?

ஓசையில்லாதவன்
@பழைய_இரும்பு எதிர்பார்த்த பதில்தான், ஐயா. என் பக்கத்தையும் கேளுங்கள். மின்காரின் மோட்டாரில் சுற்றுகிற பாகம் ஒன்றுதான், ரோட்டர். அதைத் தாங்கப் பேரிங்குகள், பிறகு வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்கு அனுப்பும் ஒரே விகித கியர். ஸ்பார்க் பிளக் இல்லை, வால்வு இல்லை, டைமிங் செயின் இல்லை. சைலன்சர் இல்லாததால் அது ஓட்டையாகும் பேச்சும் இல்லை. மோட்டாரே பாதி பிரேக் வேலையைப் பார்த்துவிடுவதால் பிரேக் பேடுகூடத் தேய மறுக்கிறது. வெறும் இயந்திரமாகப் பார்த்தால் 30 வருடம் நிற்கத் தகுதியானது இதுதான்.

ஆயில்_கறை
தம்பி, பேடு தேயாததை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை இல்லாத டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகிப்போகும். பட்டறைக்கு வரும் மின்கார்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பேடு முக்கால்வாசி அப்படியே இருக்கும், டிஸ்க்கின் உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் செதில் செதிலாக உரியும். அவ்வப்போது ரீஜெனை, அதாவது மோட்டாரே பிரேக் போடும் வசதியைக் குறைத்துவிட்டு, பின்னால் யாரும் வராத சாலையில் நன்றாக மிதித்து நிறுத்துங்கள்.

பொதுவாகவே கார் ஓடிச் சாவதைவிட நின்று சாவது அதிகம். பல வருடம் நின்ற கார்புரேட்டர் வண்டி ஒன்றைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பெட்ரோல் காய்ந்து பழுப்பு நிறப் பிசினாகப் படிந்திருக்கும். ஐடில் ஜெட்டின் துளை ஊசி நுழையும் அளவுதான், அதில் துளி அடைத்தாலும் ஐடிலிங்கில் இன்ஜின் அணைந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் ஹோஸைக் கெடுக்கும். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கிற சாதிதான், வீல் சிலிண்டரை உள்ளேயிருந்தே அரித்துவிடும்.

ஆனால் இத்தனைக்கும் மருந்து ஒரு டூல்பாக்ஸுக்குள் அடங்கும். கார்புரேட்டர் கிளீனர், ரிப்பேர் கிட், புது ஹோஸ், ஸ்பேனர் செட். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் எந்தப் பக்கமும் இல்லை. கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: எதைத் திறக்க முடியுமோ அது கிளம்பும்.

வோல்ட்மீட்டர்
பேட்டரி பற்றி யாராவது தப்பாகச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். லித்தியம் அயான் செல் இரண்டு விதமாக மூப்படையும். சார்ஜ் ஏற்றி இறக்குவதால் வருவது ஒன்று, சும்மா வைத்திருந்தாலே வருவது இன்னொன்று. இரண்டாவதை விரட்டிவிடுவது வெப்பமும் எந்நேரமும் முழு சார்ஜில் வைப்பதும்.

2010-இல் வந்த முதல் நிஸான் லீஃபை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 24 கிலோவாட்ஹவர் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெயில் கடுமையான இடங்களில் ஓடிய லீஃப்கள் சீக்கிரமே கொள்ளளவை இழந்தன. 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ்ஸில் திரவக் குளிரூட்டல் இருந்தது, அதில் இறக்கம் மெதுவாகவே நடந்தது. அதனால் "மின்கார் பேட்டரி எத்தனை வருடம் வரும்" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த ரசாயனம், எந்தக் குளிரூட்டல், எப்படி நிறுத்திவைத்தார்கள் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள், நிக்கல் கோபால்ட் வகையைவிட அதிகச் சார்ஜ் சுற்றுகளைத் தாங்கும். அதே எடைக்குக் கொஞ்சம் குறைவாகச் சேமிக்கும்.

2025-இன் செல்கள் 2055-இல் சோர்ந்துதான் இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அன்றாடம் ஓட்டாத கிளாசிக் காருக்கு 500 கிலோமீட்டர் ரேஞ்ச் எதற்கு? பாதி மிஞ்சினால் போதும்.

பழைய_இரும்பு
பாதி சார்ஜுக்கு முழு எடையையும் சுமக்க வேண்டும், அதுதானே கணக்கு? 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸின் மொத்த எடையே 725 கிலோதான். இன்றைய ஹம்மர் மின்வண்டியின் பேட்டரி மட்டுமே அதைவிடக் கனம். வண்டியை வண்டி சுமக்கிற காலம் இது.

ஓசையில்லாதவன்
எலிஸை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. 2008-இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டர் அந்த எலிஸின் அடித்தளத்திலிருந்து உருவானதுதான். உள்ளே லேப்டாப்பில் போடுகிற மாதிரியான 6,831 செல்கள், மொத்தம் 53 கிலோவாட்ஹவர். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. 2023-இல் டெஸ்லா அதன் வடிவமைப்பு ஆவணங்களையும் சர்வீஸ் ஆவணங்களையும் பொதுவில் வைத்தது. சர்க்கியூட் படம் கையில் இருந்தால் மின்காரும் பழைய இரும்புதான், ஐயா. உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

பழைய_இரும்பு
😀 சரி, அந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்.

புதுசு_வாசனை
எல்லோரும் 30 வருடம், 30 வருடம் என்கிறீர்கள். காரை எதற்கு 30 வருடம் வைத்திருக்க வேண்டும்? 1997-இல் யூரோ என்கேப் முதன்முதலாக மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டபோது ரோவர் 100 ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. கொஞ்ச நாளில் அந்த மாடலே விற்பனையிலிருந்து போய்விட்டது. பழைய காரைக் கொஞ்சுகிறவர்கள், மழை நாளில் ஏபிஎஸ் இல்லாமல், ஏர்பேக் இல்லாமல், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லாமல் குழந்தையைப் பின்சீட்டில் வைத்து ஓட்டுவார்களா? எனக்குப் புதுக் காரின் மேல் ஆசை அதன் வாசனைக்காக மட்டும் இல்லை.

மூன்றாவது_கியர்
@புதுசு_வாசனை குழந்தையை வைத்து ஓட்ட மாட்டேன். அதற்கு வேறு கார். இங்கே பேசுவது மனைவி "இதை எப்போது விற்கப்போகிறீர்கள்" என்று கேட்கிற கார் பற்றி.

எனக்கு 2055-ஐப் பற்றி வேறு கவலை. கிளம்பினால் மட்டும் போதுமா? ஓட்ட வேண்டும் என்று தோன்ற வேண்டாமா? ஃபெராரி எஃப்40-இல் ஏபிஎஸ் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. கிளட்ச் காலை ஒடிக்கும் என்று ஓட்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் வரிசையில் நிற்கிறார்கள், ஏன்? சாலை என்ன செய்கிறது என்பது நேராகக் கைக்கு வருகிறது. பழைய வண்டியில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பி. இன்றைய வண்டியில் பெடல் ஒரு சென்சார். நாம் மிதித்ததை ஒரு பெட்டி படித்துப் பார்த்து, எவ்வளவு திறக்கலாம் என்று அதுவாக முடிவு செய்கிறது. பாதி வண்டிகளில் மிதித்ததற்கும் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு "யோசிக்கிறேன்" இருக்கிறது.

ஓசையில்லாதவன்
அந்த "யோசிக்கிறேன்" மின்காரில்தான் மிகக் குறைவு. மிதித்த நொடியில் முழு டார்க்கும், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை முழுவதும், வந்து நிற்கும். டர்போ சுழலும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கியர் இறக்கத் தேவையில்லை.

மூன்றாவது_கியர்
வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. முதல் பத்து முறை வயிற்றைக் கலக்கும். அப்புறம்? சிக்னலில் எல்லோரையும் முந்திவிட்டேன், அடுத்த சிக்னலில் எல்லோரும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபடியே குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, இன்ஜின் சுற்றைச் சரியாக ஏற்றி, நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்குகிறோம். லீவர் எந்த முரண்டும் பிடிக்காமல் உள்ளே வழுக்கிப் போகும். அது சரியாக விழுந்த நாளில் கிடைக்கிற திருப்திக்கு 0-100 நேரம் ஈடாகாது. தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். 2013-இல் போர்ஷே 911 ஜிடி3 மேனுவல் கியரே இல்லாமல் வந்தது. ரசிகர்கள் விடவில்லை. 2016-இல் 911 ஆர் மேனுவலோடு வந்தது, அடுத்த வருடம் ஜிடி3-க்கே மேனுவல் திரும்பி வந்தது. அதைக் கேட்டவர்களுக்குத் தானாகக் கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் பெட்டி வேகமானது என்று தெரியாதா என்ன?

பின்சக்கரம்
ஹூண்டாயின் மின்காரான அயோனிக் 5 என்-ஐ யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? 8 கியர் இருப்பதுபோல் பாவனை, கியர் மாற்றாமல் விட்டால் சிவப்புக் கோட்டில் போய் இடிக்கிற பாவனை, ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம்.

மூன்றாவது_கியர்
ஓட்டினேன். கேலி செய்யலாம் என்றுதான் போனேன், சிரித்துக்கொண்டே இறங்கினேன். கியர் பொய்தான், ஆனால் வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழைகிறோம் என்று டயலைப் பார்க்காமலே காதால் தெரிந்துகொள்ள முடிந்தது. பொய்யாக இருந்தாலும் வேலை செய்கிறது. 2 டன்னுக்கு மேல் எடை என்பது மட்டும் பிரேக் போடும்போது ஞாபகம் வரும்.

பழைய_இரும்பு
2055-இல் அந்தப் பொய்ச் சத்தத்தின் ஃபைல் கரப்ட் ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

வோல்ட்மீட்டர்
கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரியானது. இழையின் உண்மையான கேள்வியே அதுதான்.

மெக்லாரன் எஃப்1 மொத்தம் 106 வண்டிகள்தான். உலகத்தில் அதைவிட மதிப்பான நவீன கார் அபூர்வம். அதைச் சர்வீஸ் செய்ய 1990-களின் காம்பாக் லேப்டாப் ஒன்று தேவைப்பட்டது. அதில் மட்டும் பொருந்தும் ஒரு தனி அட்டை, பழைய டாஸ் சாஃப்ட்வேர். 2016 வாக்கிலும் அந்தப் பழைய லேப்டாப்பைத்தான் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். வி12 இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதோடு பேசுகிற பெட்டிக்கு வயதாகிவிட்டது.

90-களின் சாதாரண வண்டிகளுக்கும் இதே கதைதான். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் பெட்டியான ஈசியூவைத் திறந்தால் உள்ளே எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். காலப்போக்கில் அவை கசியும். மூடியைத் திறந்ததும் லேசாக மீன் வாடை அடித்தால் அதுதான். கசிந்த திரவம் போர்டின் செம்புத் தடத்தைத் தின்றுவிடும். ஆனால் அதைச் சரி செய்யலாம். கெப்பாசிட்டரின் அளவு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், கடையில் கிடைக்கும், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

ஆயில்_கறை
அதற்குப் பின் வந்ததில்தான் சிக்கல். சமீபத்தில் ஒரு வண்டிக்கு ஹெட்லைட் மாற்றினோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எல்லோரும் அந்த வழிக்குத்தான் போகிறார்கள். அதே மாடலின் அசல் லைட், வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. மாட்டினால் எரியவில்லை. வண்டியின் அடையாள எண்ணோடு அந்த லைட்டின் பெட்டியைக் கம்பெனி சர்வர் வழியாகச் சேர்த்தால்தான் எரியுமாம். பழைய வண்டிகளில் 7 அங்குல வட்ட லைட் என்று ஒன்று இருந்தது. எத்தனையோ கம்பெனி வண்டிகளுக்கு அதே அளவு, நாலைந்து திருகு, ஒரு மூன்று முனை பிளக், அவ்வளவுதான்.

இன்று அந்தச் சர்வர் இருக்கிறது. 2055-இல் இருக்குமா? இந்த இடத்தில் பெட்ரோல் வண்டி, மின்வண்டி என்று வித்தியாசமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பெட்ரோல் வண்டிகளிலும் இதே பூட்டுதான்.

பின்சக்கரம்
ஃபிஸ்கர் கதை இதற்குச் சரியான உதாரணம். 2024 ஜூனில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. ஓஷன் மின்காரை வாங்கியவர்கள் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கும் உதிரிபாகத்துக்கும் தவித்துப்போய், தாங்களே ஒரு சங்கம் அமைத்து வண்டியைக் காப்பாற்ற இறங்கினார்கள். வண்டிக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

புதுசு_வாசனை
கம்பெனி மூடுவது பழைய காலத்திலும் நடந்ததுதானே? எத்தனை பிராண்டுகள் போயிருக்கின்றன. அவற்றின் கார்கள் இன்றும் ஓடுகின்றனவே.

ஆயில்_கறை
ஓடுகின்றன, ஏனென்றால் லேத்தில் கடைந்து செய்துகொள்ளலாம். கம்பெனியிடம் அனுமதி கேட்கிற பிஸ்டன் எதுவும் கிடையாது.

பழைய_இரும்பு
நான் மின்காருக்கு எதிரி என்று நினைத்துவிட்டீர்கள். கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் சாலை வாகனம் மின்சாரத்தில்தான் ஓடியது. 1899 ஏப்ரல் 29, பாரிஸுக்குப் பக்கத்தில், பெல்ஜியக்காரர் கமீல் ஜெனாட்ஸி ஓட்டினார். வண்டியின் பெயர் லா ஜமே கோந்தாந்த், வேகம் 105.88. டார்பிடோ வடிவ உடம்பு, அதன் மேல் பாதி உடல் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும் டிரைவர். காற்றை வெட்டுகிற வடிவமைப்பு அங்கேயே வீணாகிவிட்டது, போகட்டும். அமெரிக்காவில் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் 1907-இலிருந்து 1939 வரை மின்கார் விற்றது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே அதில்தான் போய்வந்தார், வீட்டுக்காரர் பெட்ரோல் காரான மாடல் டி-யைக் குவித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்! பெட்ரோல் காரில் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்ப வேண்டும், அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். 1912-இல் கெட்டரிங் செய்த செல்ஃப் ஸ்டார்ட்டர் கெடிலாக்கில் வந்த பிறகுதான் ஆட்டம் மாறியது. பெட்ரோல் காரை ஜெயிக்க வைத்ததில் ஒரு மின் மோட்டாருக்கும் பங்கு உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த டெட்ராய்ட் எலெக்ட்ரிக்குகள், பேக்கர் எலெக்ட்ரிக்குகள் சில இன்றும் ஓடுகின்றன. 100 வயது தாண்டிய மின்கார்கள்! எப்படி? அவற்றின் பேட்டரி எதுவும் பேசாது. சரியான வோல்ட் கொடுத்தால் போதும், உள்ளே புது ஈய அமில பேட்டரி இருக்கிறதா வேறேதாவதா என்று வண்டி கேட்காது. கன்ட்ரோலர் ஒரு கைப்பிடி, சில செம்புத் தொடுமுனைகள். ஆக, மின்கார் 30 வருடம் நிற்காது என்று நான் சொல்லவில்லை. 100 வருடமே நின்றிருக்கிறது. இப்போது செய்வது நிற்காது என்கிறேன்.

வோல்ட்மீட்டர்
அருமை ஐயா. ஆனால் ஒரு மறுப்பு. எளிமையாக இருந்தால்தான் பிழைக்கும் என்பதில்லை. 1955-இல் சிட்ரோயன் டிஎஸ் வந்தபோது அதைவிடச் சிக்கலான கார் கிடையாது. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், கியர் மாற்றுவது எல்லாமே ஒரே உயரழுத்த ஹைட்ராலிக் வலையில். இன்று அதன் சஸ்பென்ஷன் கோளங்களுக்கு நைட்ரஜன் ஏற்றித் தர ஆள் இருக்கிறார்கள், சீல்கள் புதிதாக வருகின்றன, அந்த ஹைட்ராலிக் வலைக்கான பச்சை நிற எல்எச்எம் ஆயில் கிடைக்கிறது. சிக்கலாக இருந்தாலும் ஒளிவுமறைவு இல்லை. பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

மின்காரில் பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் ஒவ்வொரு செல் குழுவின் வோல்ட்டையும் வெப்பத்தையும் பார்க்கிறது. அது அவசியம், அது இல்லாமல் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆபத்து. அந்தப் பெட்டி இருப்பதில் எனக்குக் குறை இல்லை. அது பேசுகிற மொழியை வெளியிட மறுப்பதில்தான். அதற்கும் ஆர்வலர்கள் விடுவதில்லை. பழைய லீஃபுக்குப் பின்னாளில் வந்த 40 கிலோவாட்ஹவர் பேட்டரியை மாட்டி, நடுவில் ஒரு சின்ன போர்டை வைத்து, வண்டிக்குப் புரியும்படி செய்திகளை மாற்றிக் கொடுத்து ஓட்டுகிறார்கள். முதலில் வந்த ரேஞ்சைவிட இப்போது அதிகம் போகிறது. பெட்ரோல் காரில் டேங்கை மாற்றி இப்படி யாராவது சாதித்ததுண்டா?

ஓசையில்லாதவன்
பிஎம்டபிள்யூ ஐ3-ஐயும் பட்டியலில் சேருங்கள். 2013-இலிருந்து 2022 வரை வந்தது. பயணிகள் உட்காரும் கூடு கார்பன் ஃபைபர், கீழே அலுமினியம், அதனால் துருப் பிரச்சினை குறைவு. பேட்டரியில் 8 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் 12 செல்கள், தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். சில புது வண்டிகளில் செல்களை நுரைப் பசையால் சேர்த்து ஒட்டி, அதையே வண்டியின் தளமாக்கிவிடுகிறார்கள். ஒரு செல் போனால் எதைக் கழற்றுவது?

ஆயில்_கறை
ஐ3-க்கு முன்சக்கர டயர் அளவு என்ன என்று பார்த்திருக்கிறீர்களா?

ஓசையில்லாதவன்
155/70 ஆர்19. ஏன் அண்ணா?

ஆயில்_கறை
அந்த அளவில் டயர் போடும் வேறு காரைக் காட்டுங்கள் பார்ப்போம். 19 அங்குல ரிம்மில் சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியான டயர். எல்லோரும் பேட்டரி, சாஃப்ட்வேர் என்று பேசுகிறீர்கள், வண்டியை நிறுத்திப்போடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட அற்ப விஷயம்தான். 70-களில் மிஷ்லின் டிஆர்எக்ஸ் என்று மில்லிமீட்டர் கணக்கு ரிம் கொண்டுவந்தார்கள். 390 மில்லிமீட்டர் ரிம்மில் 15 அங்குல டயரும் உட்காராது, 16-உம் உட்காராது. இன்றும் அந்த ரிம் வைத்திருப்பவர்கள் அந்த ஒரு டயரை நம்பித்தான் இருக்கிறார்கள், அல்லது ரிம்மையே மாற்றிவிட்டார்கள். இன்றைய எஸ்யூவி-களின் 22 அங்குல ரிம்களைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

பின்சக்கரம்
கிளாசிக் காரில் இன்ஜினை எடுத்துவிட்டு மின் மோட்டார் வைப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? 2017-இல் ஜாகுவாரே ஈ-டைப்பில் 40 கிலோவாட்ஹவர் பேட்டரி வைத்துக் காட்டியது.

பழைய_இரும்பு
வேண்டாம்.

மூன்றாவது_கியர்
வேண்டாம். ஈ-டைப்பில் பாதி அந்த ஆறு சிலிண்டர் எக்ஸ்கே இன்ஜின்தான்.

ஓசையில்லாதவன்
இன்ஜின் வெடித்து, பாகம் கிடைக்காமல், மரத்தடியில் மக்கிக்கொண்டிருக்கும் சாதாரண வண்டி என்றால்? அதற்கும் வேண்டாமா?

பழைய_இரும்பு
அதற்குச் சரி. மக்குவதற்கு ஓடுவது மேல். ஃபீவாகூட மாற்றிய வண்டியை வரலாற்று வண்டியாக ஏற்பதில்லை. ஆனால் மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: கழற்றிய எல்லாப் பாகத்தையும் அடையாளமிட்டுப் பத்திரமாக வையுங்கள், பின்னால் வருபவர் திருப்பி மாட்டும்படி வேலையைச் செய்யுங்கள். பாடியில் ஓட்டை போட்டு, வெட்டி, பற்றவைத்தால் மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

புதுசு_வாசனை
சரி, பட்டியலுக்கு வாருங்கள். இன்று ஷோரூமில் கிடைப்பதில் எதை வாங்கி வைக்கலாம்? ஆளுக்கொன்று சொல்லுங்கள்.

மூன்றாவது_கியர்
இப்போதைய எம்எக்ஸ்-5, மேனுவல். டர்போ இல்லாத இன்ஜின், ஒரு டன்னை ஒட்டிய எடை, முதல் தலைமுறைக்கு மஸ்டாவே ரெஸ்டோர் செய்து தரும் திட்டத்தைத் தொடங்கியதால் கம்பெனியின் மேலும் கொஞ்சம் நம்பிக்கை.

பழைய_இரும்பு
லேண்ட் குரூஸர் 70. 1984-இல் வந்த வடிவம், இன்னமும் தயாராகிறது. 2055-இல் அது கிளாசிக் ஆகியிருக்குமா, புதிதாகவே வந்துகொண்டிருக்குமா என்பதுதான் என் சந்தேகம்.

ஆயில்_கறை
சுஸுகி ஜிம்னி, மேனுவல். ஏணி சேசி, 1.5 லிட்டர், டர்போ இல்லை. எதை வாங்கினாலும் எண்ணெய்க்குள் ஓடும் டைமிங் பெல்ட் இருக்கிற இன்ஜினை மட்டும் எடுக்காதீர்கள். பெல்ட் எண்ணெயில் ஊறி உதிர்ந்து, அந்தத் துகள் போய் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். 30 வருடம் எல்லாம் இல்லை, அதற்கு வெகு முன்பே வேலை கொடுக்கும்.

வோல்ட்மீட்டர்
மின்காரில் என் விதி: இரும்பு பாஸ்பேட் செல், திரவக் குளிரூட்டல், போல்ட் போட்ட பேட்டரி, ஊரெல்லாம் விற்கிற மாடல். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். லட்சக்கணக்கில் விற்ற வண்டிக்குத்தான் பூட்டை உடைக்க யாராவது மெனக்கெடுவார்கள். பீட்டில் 2003 வரை 2 கோடிக்கு மேல் தயாரானது, அதன் பாகம் இன்று கிடைப்பதற்கு அந்த எண்ணிக்கையும் காரணம். அபூர்வமான மின்கார் அபூர்வமான குப்பை ஆகிவிடும்.

பின்சக்கரம்
டச் ஸ்கிரீன்? ஏசியைக் கூட்டக்கூட ஸ்கிரீனில் மூன்று பக்கம் போக வேண்டிய வண்டிகளில் அந்த ஸ்கிரீன் போனால் வண்டியே போன மாதிரிதானே?

வோல்ட்மீட்டர்
ஆமாம். 2026 முதல் யூரோ என்கேப், இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன், ஹசார்டு லைட் போன்றவற்றுக்குக் கையால் தொட்டுணரும் பொத்தான் இருந்தால்தான் முழுப் புள்ளி என்கிறது. பாதுகாப்புக்காகச் செய்தது நமக்கும் உதவும். பொத்தானை யார் வேண்டுமானாலும் பழுதுபார்க்கலாம்.

ஓசையில்லாதவன்
கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நான் சில மாதம் வெளியூரில் இருக்கப்போகிறேன். மின்காரை எப்படி நிறுத்திவைப்பது?

வோல்ட்மீட்டர்
பெரிய பேட்டரியைப் பாதி சார்ஜில் விடுங்கள். நூறில் விடாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். மொபைல் ஆப்பைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் வண்டி தூக்கத்திலிருந்து எழுந்து கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் படுக்கும்.

ஆயில்_கறை
டயர் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். சமதளமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் வேண்டாம், சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். மின்கார்க்காரர்கள் மறக்கிற விஷயம், உள்ளே சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி எழாது. கம்பெனி கையேடு அனுமதித்தால் மெயின்டெனர் சார்ஜர் மாட்டுங்கள், இல்லையென்றால் மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

ஓசையில்லாதவன்
நன்றி அண்ணா. மைனஸைக் கழற்றிவிட்டு பானட்டை மூடிவிடுகிறேன்.

ஆயில்_கறை
மூடுவதற்கு முன்னால் கையேட்டைப் பாருங்கள் தம்பி. உங்கள் வண்டியில் பானட் பூட்டே அந்த 12 வோல்ட்டில்தான் திறக்கும்.